எழுத்துக்கு முந்தின கையெழுத்து

வாயை மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடுவதுதான் என்னுடைய தொழில்.

அட்டையில் மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருக்கிறது. மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம், உறுதியும் ஒப்பந்தமும் எழுதுகிற ஒரு நொத்தாரிசுக் கந்தோர், மெற்றோவுக்குக் கிட்ட ஒரு சட்ட உதவி நிலையம், சில நாளில் ஒரு குடிவரவு வழக்கறிஞரின் அறை. ஏஜென்சி எங்கே அனுப்புகிறதோ அங்கே போவேன். தமிழில் சொன்னதைப் பிரெஞ்சில் சொல்லுவேன், பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொல்லுவேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கலியாணம் முடித்து வந்தவர்கள், முடிக்க வந்தவர்கள், முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாதவர்கள்.

இதை வாசிக்கிற உங்களில் எத்தனை பேர் கணவர் ஸ்பொன்சர் பண்ணின ஃபைலில் தொங்கிக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. நானும் உங்களில் ஒருத்திதான். வேலை செய்ய அனுமதி இருக்கிறது, மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள், நிரந்தர வதிவிடம் மட்டும் இன்னும் வரவில்லை. அது வருமட்டும் என் கணவர் ஒரு ஈமெயில் எழுதினால் காணும், என் ஃபைலை மூடிவிடுவார்கள். மகள் இங்கே பிறந்தவள், அவளை ஒருவரும் அனுப்பமாட்டார்கள். என்னை அனுப்பலாம். இந்த ஒரு நினைப்போடுதான் காலையில் அவளுக்குச் சப்பாத்து மாட்டி கார்டெறியில், பிள்ளைகள் காப்பகத்தில், விடுகிறேன், இந்த நினைப்போடுதான் பின்னேரம் கூட்டிவருகிறேன்.

மன்னாரில் கொன்வென்ற் போடிங்கில் இருந்த காலத்தில், படுக்கமுன் சிஸ்டர் எங்களை முழந்தாளில் இருத்தி அன்றைக்கு நடந்ததை ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்க்கச் சொல்லுவா. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. மகள் நித்திரை. இவர் வேலையால் வரமுன் எழுதி முடிக்க வேண்டும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பயத்தை மாற்றவில்லை.

நான் என்றால் நானல்ல

எங்கள் தொழிலில் முதல் விதி, “அவ இப்படிச் சொல்லுறா” என்று ஒருநாளும் சொல்லக்கூடாது. எதிரில் இருக்கிறவர் “எனக்குத் தலையிடிக்குது” என்றால் நானும் “எனக்குத் தலையிடிக்குது” என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சி தந்த மனுசி, நீங்கள் அந்த அறையில் இல்லை, உங்கள் குரல் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பழக்கினா. கொன்வென்ற்றில் படித்தவளுக்கு இது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. இருந்தும் இல்லாததுபோல் இருக்க எங்களுக்குச் சின்னனிலேயே பழக்கியிருக்கிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா வந்தா. ஐம்பது தாண்டியிருக்கும், கொஞ்சம் இங்கிலிஷ் விளங்கும். அன்றைக்கு இருந்த வழக்கறிஞரும் இங்கிலிஷ்காரர். அம்மா அழாமல், நிதானமாக, “எனக்கு என்ர மனுசனைக் கண்டால் பயம். இனி அந்தாளோட இருக்கேலாது” என்றா. நான் நிமிர்ந்து இருந்து, விதிப்படி, எனக்கு என் கணவனைக் கண்டால் பயம், இனி அவரோடு வாழ முடியாது என்று இங்கிலிஷில் சொன்னேன். சொல்லி முடிக்கமுன்னமே அந்த அம்மா கதிரையைக் கிட்ட இழுத்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டா:

“ஐயோ பிள்ளை, உமக்குமோ?”

சும்மா இருக்கிற படம்

ஸ்பொன்சர் ஃபைலுக்குப் படம் வேண்டும். கலியாணம் உண்மைதான் என்று காட்ட. ஒரு இளம் சோடி ஒரு பெரிய அல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. பொன்னுருக்கு, தாலிகட்டு, ஆரத்தி, கேக் வெட்டு, ஹெலிகொப்ரர் பறக்கிற கோணத்தில் எடுத்த கலியாண ஹோல். வழக்கறிஞர் பொறுமையாய்ப் புரட்டிவிட்டு, இதெல்லாம் நல்லது, சாதாரண நாளில் எடுத்த படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டா. சமைக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சும்மா இருக்கும்போது. பெண் மாப்பிள்ளையைப் பார்த்தா. மாப்பிள்ளை போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். லொறிப் படம் இருந்தது. அவர்கள் வளர்க்கிற மீன் இருந்தது.

அன்றைக்கு மெற்றோவில் வரும்போது நானும் என் போனைப் பார்த்தேன். மகள், மகள், மகள், பனி, மகள். இவரும் நானும் ஒரு படத்தில் இருப்பது எங்கள் கலியாண நாளில் மட்டும்தான். இனி எடுக்கலாம் என்றாலும், கிட்ட வந்து நில்லுங்கோ என்று எப்படிக் கேட்பது? கிட்ட வந்து நின்று, எதற்கு என்று அவர் கேட்டால்? அந்த மாப்பிள்ளை கடைசியில் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வெட்கத்தோடு சொன்னது இப்பவும் காதில் நிற்கிறது:

“மடாம், சும்மா இருக்கேக்கை நாங்கள் ஒண்டாய் இருக்கிறேல்லை.”

தாலி இருக்கு, எழுத்து இல்லை

எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் என்றால் இரண்டு பகுதி. ஒன்று தாலிகட்டு. மற்றது பதிவு, அதை எழுத்து என்போம். ஊரில் சிலர் முதல் எழுதுவார்கள், சிலர் பிறகு எழுதுவார்கள், எப்படியோ தாலி ஏறிவிட்டால் சனத்தின் கணக்கில் கலியாணம் முடிந்தது. தர்சினியின் கதையில் அதுதான் வினை.

நொத்தாரிசுக் கந்தோருக்கு மூன்று பேர் வந்தார்கள். சுதன், துறைமுகத்தில் கொன்ரெய்னர் இழுக்கிற லொறி ஓடுகிற பொடியன், ரொக்ஸ்பரோவில் தன் பேரில் வீடு வைத்திருக்கிறவன். அவனுடைய தாய், தர்சினிக்கு மாமி, பட்டுச்சேலைக்கு மேலே பனிக்கோட்டு. பின்னால் தர்சினி, விசிட்டர் விசாவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தாலி கட்டின பெண். விசா முடியக் கொஞ்ச நாள்தான் கிடந்தது. ஏற்பாடு இதுதான்: முதலில் தர்சினி கலியாண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவரவர் சொத்து அவரவருக்கு என்று. போட்டால் எழுத்து நடக்கும். எழுத்து நடந்தால் ஸ்பொன்சர் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் பூட்டு ஒன்று, திறப்பு எல்லாம் மாமியின் கைப்பைக்குள்.

நொத்தாரிசு அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கலியாணம் எப்போது என்று கேட்டா. நான் தமிழில் கேட்டேன். மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “எப்பவெண்டு என்ன கேள்வி? அது முடிஞ்சு எவ்வளவு நாள்! ஹோல் எடுத்து, ஐயர் வந்து, வீடியோவும் கிடக்கு. வேணுமெண்டால் போட்டுக் காட்டட்டோ?” நான் அதையும் அப்படியே, அதே கோபத்தோடு பிரெஞ்சில் சொன்னேன். நொத்தாரிசு அம்மா மெதுவாக, பதியாவிட்டால் இந்த நாட்டுச் சட்டத்தில் இவர்கள் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்றா. தர்சினியின் கை கழுத்துக்குப் போனது. அங்கே மெல்லிய சங்கிலி ஒன்றுதான் இருந்தது. தாலிக்கொடி மாமியின் அலுமாரியில், பாதுகாப்புக்காம்.  தர்சினி என்னைப் பார்த்துக் கேட்டா:

“அப்ப அக்கா, இவ்வளவு நாளும் அந்த வீட்டிலை நான் ஆராய் இருந்தனான்?”

எத்தினை பரப்பு

இங்கே நொத்தாரிசு இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள். அதனால் பெண்ணோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று மற்ற இரண்டு பேரையும் வெளியில் இருத்தினா. அந்த நேரம் பார்த்துத் தர்சினியின் போன் அடித்தது. ஊரிலிருந்து தாய். இண்டைக்கு நொத்தாரிசிட்டைப் போறம் என்று மகள் முதல் நாளே சொல்லியிருக்கிறா. மனுசி அங்கே நித்திரை கொள்ளவில்லை, சந்தோஷத்தில்.

உங்களுக்குத் தெரியும்தானே, எங்கள் பக்கத்தில் கலியாணத்தோடு நொத்தாரிசு வருகிறார் என்றால் என்ன அர்த்தமென்று. சீதன உறுதி எழுதப் போகிறார்கள். பெண்ணின் பேரில் வீடும் இத்தனை பரப்புக் காணியும் ஏறப்போகிறது. நொத்தாரிசு முன்னால் ஒரு பெண் கையெழுத்துப் போடுவது தனக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளத்தான். தன்னிடம் இருந்து எடுக்கக் கையெழுத்துப் போடுவாள் என்று அந்தத் தாய்க்கு ஆர் சொல்லியிருப்பார்கள்? “கனடாவிலை மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளைக்கு எழுதீனமாம்” என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாவாம். அதைக் கேட்டபடியே தர்சினி போனை என் கையில் தந்தா. என்னிடம் இருப்பது வாடகை வாய், அதில் இதற்குச் சொல் இல்லை. பொய்யும் சொல்லேலாது. “அம்மா, இன்னும் ஒண்டும் எழுதேல்லை” என்றேன். அது உண்மை. மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது:

“பறவாயில்லைப் பிள்ளை, ஆறுதலா எழுதட்டும். எத்தினை பரப்பாம்?”

சொன்னதைச் சொன்னேன்

எல்லாரும் திரும்ப உள்ளே வந்தார்கள். நொத்தாரிசு அம்மா ஒவ்வொரு வசனமாக விளங்கப்படுத்தினா. சம்பளம் அவரவருக்கு, வங்கியில் கிடப்பது அவரவருக்கு. மாமி தலையாட்டிக்கொண்டிருந்தா. அதற்குப் பிறகு நொத்தாரிசு அம்மா பேனையை வைத்துவிட்டு ஒன்று சொன்னா. இந்த ஒப்பந்தம் என்ன சொன்னாலும், கலியாணம் பதிந்துவிட்டால், குடும்பம் குடியிருக்கிற வீட்டின் பெறுமதியில் மனைவிக்கும் பங்கு வரலாம். எவ்வளவு என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த உரிமையை இப்போதே கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்கச் சட்டம் விடாது.

எனக்குள் ஏதோ எழும்பி நின்றது. கொன்வென்ற்றில் மேடைப் பேச்சுக்குப் பழக்கின சிஸ்டர், கடைசி வாங்கில் இருக்கிறவளுக்கும் கேட்க வேண்டும் என்பா. அப்படிச் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல், ஒரு எழுத்துக் கூட்டாமல், சென்ட் லோரன்டுக்கே கேட்கிறமாதிரி. தர்சினிக்காகச் சட்டம் எழும்பி நிற்கிறது என்று நினைத்தேன். மாமி திரும்பச் சொல்லச் சொன்னா. திரும்பவும் சொன்னேன், இன்னும் வடிவாக.

மாமி கைப்பையை மூடின சத்தம் பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதிந்தால்தான் பங்கு. பதியாவிட்டால் ஒன்றுமில்லை. பதியாமல் விடுகிறதுக்கு எந்த நொத்தாரிசும் தேவையில்லை. சுதன் வாயைத் திறந்து, “அம்மா...” என்றான்.  மொழிபெயர்க்க ஒன்றுமில்லாததால் நான் சும்மா இருந்தேன். மாமி எழும்பிப் பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னா:

“இவ்வளவு நாளும் எழுதாமல் இருந்ததுகள்தானே, இனியும் இருக்கட்டும். எழும்பு தம்பி.”

லொறி வரிசை

என் கணவரும் துறைமுகத்தில்தான் லொறி ஓடுகிறார். வாசலில் லொறிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். எங்கள் பொடியள் இறங்கிக் கோப்பி குடித்துக் கதைப்பார்கள். மொன்றியலில் தமிழ்ச் சனத்தின் செய்தி எல்லாம் அந்த வரிசையில்தான் பிறக்கிறது. நான் வேலையிடத்தில் கேட்டதை வீட்டில் சொல்லமாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஆனால் சுதன் சத்தியம் பண்ணவில்லையே.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர் தலை நிமிராமல், “இஞ்சரும், எழுத்து எழுதினால் வீட்டிலை மனுசிக்கும் பங்காமே? மெய்யோ?” என்றார். எனக்குக் கையில் இருந்த அகப்பை நின்றுவிட்டது. நான் நொத்தாரிசு மேசையில் உரத்துச் சொன்ன அதே வசனம், துறைமுகத்துக்குப் போய், லொறி வரிசையில் நின்று, என் குசினிக்குத் திரும்பி வந்திருந்தது. நாங்கள் இருக்கிற கொண்டோ இவர் பேரில். எங்கள் கலியாணம் மாதா கோயிலில் முறையாகப் பதிந்த கலியாணம். “வேலைக் கதை வெளியிலை கதைக்கேலாது” என்றேன். “கதைக்க வேண்டாம். நாங்களும் ஒரு நொத்தாரிசிட்டைப் போவம். அவவிட்டை இல்லை, வேற ஆளிட்டை. ஒரு கையெழுத்துத்தானே. உமக்கும் ஃபைல் முடியவேணும்தானே” என்றார். சத்தம் போடவில்லை. மகளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

அது சட்டம், நொத்தாரிசு சொன்னது, நான் சொன்னதில்லை என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். இவ்வளவு காலமும் என்னை ‘நீர்’ என்று கதைத்த மனுசன் அன்றைக்கு ‘நீ’ என்றார்:

“நொத்தாரிசு சொன்னால் என்ன, நீ சொன்னால் என்ன? உன்ர வாயாலைதானே வந்தது.”

பிழையான மொழிபெயர்ப்பு

தர்சினியைத் திரும்பவும் சட்ட உதவி நிலையத்தில் கண்டேன். கையுறை இல்லாமல், பஸ் மாறி மாறி, தனிய வந்திருந்தா. வழக்கறிஞர் இளம் பெண், வேகமாகக் கதைக்கிறவ. வீட்டில் அடிக்கிறார்களா என்று முதலில் கேட்டா. தர்சினி யோசித்துச் சொன்ன பதிலை நான் விதிப்படி என் பதிலாகச் சொன்னேன்: இல்லை மடாம், என்னை ஒருவரும் அடிக்கவில்லை, என்னோடு ஒருவரும் கதைப்பதில்லை, அவ்வளவுதான். அவர் நல்லவர், தாய் சொல்லாமல் ஒருநாளும் என்னோடு கோபித்ததில்லை, தாய் சொல்லாமல் ஒருநாளும் என்னோடு சிரித்ததுமில்லை.

வழக்கறிஞர் வழிகளைச் சொன்னா. விசா முடியமுன் நீட்டித் தரச்சொல்லிக் கேட்கலாம். பதியாவிட்டாலும் ஒரு வருசம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தால் துணைவி என்று ஸ்பொன்சர் பண்ணலாம். ஆனால் அவர் விரும்பிப் பண்ண வேண்டும். அதோடு, நன்றாகக் கேளுங்கள் என்றா, பண்ணின பிறகும், முடிவு வருமட்டும் அவர் எந்த நேரமும் விலகிக்கொள்ளலாம்.

இந்த வசனத்தை நான் எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பல்லு விளக்குகிறமாதிரி வரும். அன்றைக்கு, “முடிவு வருமட்டும்” என்றதோடு வசனம் அறுந்துவிட்டது. திரும்ப ஆரம்பித்தேன், அதே இடத்தில் நின்றது. வழக்கறிஞர் நிமிர்ந்து பார்த்தா. தர்சினி என்னவோ மெதுவாகக் கேட்டா. என்ன கேட்கிறா என்று வழக்கறிஞர் என்னிடம் கேட்டா. தண்ணீர் வேணுமாம் என்றேன். இந்தத் தொழிலுக்கு வந்து நான் வேண்டுமென்று செய்த முதல் பிழையான மொழிபெயர்ப்பு அது. தண்ணீர் வந்தது, தர்சினி அதை என் பக்கம் தள்ளிவிட்டா. முன்பு ஒரு அம்மா கேட்டு நான் வீட்டுக்கு வந்து தனியச் சிரித்த அதே கேள்வியைத்தான் அவவும் கேட்டிருந்தா:

“அக்கா, உங்களுக்குமோ?”

நல்ல பிரெஞ்சு

எங்கள் தொழிலில் முடிவு தெரிவதில்லை. மணித்தியாலம் முடிந்தால் எழும்ப வேண்டும், ஆட்களின் நம்பர் வைத்திருக்கக்கூடாது. தர்சினி ரொக்ஸ்பரோ பஸ்ஸில் ஏறினதைக் கண்டேன். வேறு எங்கே போவா? பிறகு இவர்தான் ஒருநாள் லொறி வரிசையில் கேட்ட செய்தியாக, விசா நீட்டக் கேட்டு அனுப்பியிருக்கிறாவாம், இன்னும் அந்த வீட்டில்தான் சமைக்கிறாவாம் என்று சொன்னார். சொல்லிவிட்டு, எங்கள் நொத்தாரிசு வியாழக்கிழமை என்றார்.

அந்தக் கந்தோரிலிருந்து நாள் உறுதிப்படுத்த ஒரு பெண் எனக்குப் போன் எடுத்தா. பொன்ஜூர் மடாம், இத்தனை மணிக்கு, இந்த அடையாள அட்டையோடு என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போனா. நானும் வேலைப் பழக்கத்தில் அதே வேகத்தில் பதில் சொன்னேன். கடைசியில், வழமையாகக் கேட்கிறதுதான், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுமா என்று கேட்டா. ஓம், தமிழுக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றது என் வாய்.

ஏன் கேட்டேன் என்று பிறகு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று யோசித்தேன். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் ஒவ்வொரு வசனமும் இரண்டு தரம் வரும், மூச்சு விட இடம் கிடைக்கும். அது ஒன்று. மற்றது, ‘எனக்குக் கையெழுத்துப் போட விருப்பமில்லை’ என்பதைக் கண்ணாடிக்கு மூன்று பாஷையிலும் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலும் குரல் நடுங்குகிறது. மற்றவர்களுக்காகச் சொன்னபோது ஒருநாளும் நடுங்கியதில்லை. என்னுடையதை இன்னொருத்தி, அறையில் இல்லாத ஒருத்தி, நிமிர்ந்து இருந்து சொன்னால் அவளுக்கு நடுங்காது. இதெல்லாம் போனில் இருந்த அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவ ஆச்சரியத்தோடு சொன்னா:

“மடாம், நீங்கள் என்னைவிட நல்ல பிரெஞ்சு கதைக்கிறீங்களே!”

வியாழக்கிழமை ஒரு வேலை

இன்றைக்குப் பின்னேரம், மகளைக் கார்டெறியில் இருந்து கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏஜென்சியில் இருந்து சில்வி எடுத்தா. வேலை பிரித்துத் தருகிறவ, நல்ல மனுசி, மகளுக்குப் பிறந்தநாள் என்றால் ஞாபகமாய்க் கேட்பா. ஆட்களின் பெயர் சொல்லமாட்டா, அது விதி. பாஷை, இடம், நேரம், விசயம் மட்டும்தான். “தமிழ். வியாழக்கிழமை காலமை. நொத்தாரிசு. கலியாண ஒப்பந்தம், மனுசியின்ர பக்கத்துக்கு. நீ ஃபிறீயா?” என்று பிரெஞ்சில் கேட்டா. இடத்தைச் சொன்னா. எனக்கு அந்த இடம் தெரியும்.

மகள் என் கோட்டைப் பிடித்து இழுத்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பஸ் வருகிறது, பஸ் வருகிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்கு முதலே தெரியும். எந்த நொத்தாரிசிடம் போனாலும் அந்த வசனம் வரும், வீட்டில் மனைவிக்கும் பங்கு உண்டு என்று. சுதனின் தாய்மாதிரி எழும்பிப் போக இவரால் முடியாது, எங்களுடையது பதிந்த கலியாணம். ஆனால் ஈமெயில் இருக்கிறது. பதிந்த கலியாணத்தை ஒருவராலும் அழிக்க முடியாது, மனுசியைத்தான் அனுப்ப முடியும். “அந்த வேலையை நான் எடுக்கேலாது, சில்வி” என்றேன். ஏன் என்றா. வேறு வேலை இருக்கிறதா என்றா. இல்லை என்றேன். பஸ் வந்து நின்று, கதவு திறந்து, சாரதி என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு முதல்தரமாக என்னைப் பற்றி, என் சொந்த வாயால், “அந்த மனுசி நான்தான்” என்றேன். போனில் சில்வி பட்டியலைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு சில்வி மெல்லிய குரலில் சொன்னா:

“என்ர செல்லம், அந்த நாளிலை தமிழுக்கு என்னட்டை நீ ஒரு ஆள்தான்.”

ஆகவே, அன்பான சக தொங்குபவர்களே, வியாழக்கிழமை காலையில் வந்து என் பக்கத்தில் இருந்து, நடுங்காத குரலில் எனக்காக ஒரேயொருதரம் ‘நான்’ என்று சொல்லக்கூடிய தமிழ் தெரிந்த ஒருவர் அவசரமாகத் தேவை, மணித்தியாலக் கூலியோடு பஸ் செலவும் தரப்படும்.